முதல் காதலை மீண்டும் சந்திப்பது: போவதற்கு முன்னும் வந்த பிறகும் செய்ய வேண்டியவை

இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன முதல் காதலரிடமிருந்து ஒரு நாள் திடீரென்று செய்தி வருகிறது. அல்லது பழைய மாணவர்கள் கூடும் நிகழ்ச்சியில் எதிர்பாராமல் அவர் முன்னால் நிற்க நேர்கிறது. அப்போது மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவரை மீண்டும் என் வாழ்வில் சேர்த்துக்கொள்வதா என்பது முதலாவது. அன்று நான் எடுத்த முடிவு சரிதானா என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வலியாக எழுவதால் பெரும்பாலோர் அவற்றை ஒரே கேள்வியாக எண்ணிவிடுகிறார்கள். அன்றைய முடிவு தவறு என்று தோன்றினால், இன்று இவரோடு சேர்வதே அதற்குப் பரிகாரம் என்று நினைக்கிறார்கள். இவரைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தால், அன்றைய முடிவு தவறு என்பதற்கு அதுவே சான்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு எண்ணங்களும் பிழையானவை. கேள்விகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய வழியில் எப்படி அணுகுவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பதில் அனுப்பும் முன்

செய்தி வந்த அன்றே பதில் எழுத வேண்டாம். குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். எதிரில் இருப்பவரைக் காக்க வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முதல் சில நாள்களில் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நினைவுதான் என்பதாலும், நினைவு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்துகொண்டு பதில் எழுதுவது நல்லது என்பதாலும் சொல்கிறேன்.

நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் தங்கள் வாழ்க்கை நிகழ்வுகளை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்வுகளே அளவுக்கு மீறி அதிகமாக வெளிவருகின்றன என்பதை உளவியலாளர்கள் 1980களிலிருந்தே தொடர்ந்து கண்டுவருகிறார்கள். முதல் காதல் சரியாக அந்தக் காலத்துக்குள் விழுகிறது. அதன் நினைவு கூர்மையாக இருப்பதற்கு அந்த மனிதரின் தனிச்சிறப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது நிகழ்ந்த வயதும் ஒரு காரணம். இன்னொன்றையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கசப்பான நிகழ்வுகளோடு ஒட்டியிருந்த உணர்ச்சி, இனிய நிகழ்வுகளோடு ஒட்டியிருந்த உணர்ச்சியைவிட வேகமாக மங்கிவிடுகிறது. மணிக்கணக்கில் பேசிய மாலைப்பொழுதுகள் இன்றும் தித்திக்கின்றன. அதே மனிதர் சொன்ன நேரத்துக்கு வராமல் போனதும், மற்றவர்கள் முன்னால் உங்களைத் தெரியாதவர்போல் நடந்துகொண்டதும் தகவலாக நினைவில் இருந்தாலும், அவற்றின் குத்தல் தேய்ந்துபோயிருக்கிறது. நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருளை அப்படியே எடுப்பது போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட ஒருவரைத்தான் நீங்கள் இப்போது சந்திக்க ஆயத்தமாகிறீர்கள்.

அதற்காக அந்த நினைவு பொய் என்று சொல்ல மாட்டேன். அன்று நீங்கள் உண்மையாக நேசித்தீர்கள். அதை யாரும் இளமை மயக்கம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை, நீங்களும் தள்ள வேண்டாம். நினைவு தரும் சான்று ஒருதலைச் சார்பானது என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

அந்த ஒரு வாரத்தில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவதாக, கடந்த ஓராண்டில் உங்கள் வாழ்வில் என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். பெற்றோரின் மறைவு, பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனது, பணி ஓய்வு, நோய், மணமுறிவு, துணையின் இறப்பு ஆகிய பெரிய மாற்றங்களுக்குப் பிறகு பழைய காதலின் பக்கம் மனம் திரும்புவது மிக இயல்பு. அப்படி ஏதேனும் நடந்திருந்தால், அந்தத் துயரத்துக்கு உரிய கவனத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இறந்த தாய்க்காக அழ வேண்டிய அழுகை பழைய காதலருக்கான ஏக்கமாக உருமாறி வருவதுண்டு. இரண்டாவதாக, ஒரே ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை எழுதுங்கள். இவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தம் வாழ்க்கைக்குத் திரும்பிப் போய்விடுவார், அதன் பிறகு எதுவும் தொடராது என்று உறுதியாகத் தெரிந்தாலும் நான் சந்திக்க விரும்புவேனா? விருப்பம் அப்போதும் நிற்குமானால் சந்திப்பு உங்களுக்கு நன்மை தரக்கூடும். அந்த நிபந்தனையைக் கேட்டதுமே விருப்பம் வடிந்துபோகுமானால், நீங்கள் எதிர்பார்ப்பது சந்திப்பைவிடப் பெரியதொன்று; அது என்ன என்று தெரியும்வரை போக வேண்டாம்.

அன்றைய உறவில் அடி, மிரட்டல், கண்காணிப்பு, இழிவுபடுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் மேலே படிக்கவே தேவையில்லை. சந்திக்காதீர்கள். அவர் மனம் திருந்தியதாகச் சொன்னாலும், அதை உங்கள் முன்னால் மெய்ப்பித்துக் காட்டும் வாய்ப்பை அவருக்குக் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

நீங்களே தேடிச் செல்வதானால்

தேடுவது இன்று எளிது. ஆனால் எளிதாகக் கிடைத்துவிட்ட முகவரிக்கு எப்படியும் போய் நிற்கலாம் என்று ஆகிவிடாது. ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், அதுவும் சுருக்கமாக. அவருடைய வீட்டார், அலுவலகம், பிள்ளைகள் வழியாக அனுப்பாதீர்கள். அவருடைய இன்றைய வாழ்வில் உங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. மறுப்பதற்கான வழியைச் செய்திக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, இப்படி எழுதலாம்: “நாம் ஒன்றாகப் படித்த நாள்களை அண்மையில் நினைத்துக்கொண்டேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேச விருப்பமிருந்தால் மகிழ்வேன். விருப்பமில்லை என்றால் பதில் எழுத வேண்டியதில்லை. நான் மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டேன்.” மன்னிப்பு, பழைய கணக்கு, இத்தனை ஆண்டுகளும் மறக்கவில்லை என்ற அறிவிப்பு எதுவும் முதல் செய்தியில் வேண்டாம். அவற்றைப் படிப்பவர் எந்த நிலையில், யார் பக்கத்தில் அமர்ந்து படிப்பார் என்பதை உங்களால் அறிய முடியாது.

பதில் வரவில்லை என்றால் அதையே விடையாகக் கொள்ளுங்கள். செய்தி போய்ச் சேரவில்லையோ என்று வேறு கணக்கிலிருந்து இன்னொரு செய்தி அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். முதல் செய்தியில் கொடுத்த வாக்கை இரண்டாவது செய்தி முறித்துவிடும்.

செய்தி உங்களுக்கு வந்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பழைய படங்களையும் பெயரையும் எடுத்துக்கொண்டு மற்றவர்போல் கணக்குத் தொடங்கி, உணர்ச்சியைத் தூண்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். காணொளி அழைப்பில் முகம் பார்த்து, உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசிய பிறகே மேலே செல்லுங்கள். காணொளிக்கு வராமல் சாக்குச் சொல்பவர், அவசரம் என்று பணம் கேட்பவர் எவராயினும் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

துணையிடம் சொல்வது

திருமணமானவர்கள் இந்தப் பகுதியைத்தான் தாண்டிச் செல்ல விரும்புவார்கள். ஆனால் என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது.

பிரிந்த காதலர்கள் மீண்டும் சேர்வதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் நான்சி காலிஷ் 1993இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டினார். அவர் முதலில் திரட்டிய விவரங்களின்படி, மீண்டும் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு நம்பிக்கை கொள்பவர்கள் பலர். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து தங்கள் கதையைச் சொன்னவர்கள் என்பதையும், இணையம் பரவுவதற்கு முன் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க மிகுந்த முயற்சி தேவைப்பட்டது என்பதையும், அத்தகைய முயற்சியில் பெரும்பாலும் தனியாக வாழ்ந்தவர்களே இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இணையம் வந்த பிறகு அவர் செய்த அடுத்த கட்ட ஆய்வில் படம் மாறிவிட்டது. விளையாட்டாகத் தேடிப்பார்த்த திருமணமானவர்கள் பலர், தாங்கள் திட்டமிடாத உறவுக்குள் விழுந்திருந்தார்கள். பழைய காதலரை இறுதியில் மணந்துகொண்டவர்கள் மிகச் சிலரே. நல்ல மணவாழ்வில் இருப்பவர்கள் பழைய காதலரைத் தேடிப் போக வேண்டாம் என்று காலிஷ் வெளிப்படையாகவே எச்சரித்தார். புதிதாக ஒருவர்மீது ஈர்ப்பு வந்தால் மனம் விழித்துக்கொள்கிறது. பழைய காதலரிடம் அந்த விழிப்பு இல்லை. தெரிந்தவர்தானே, நல்லவர்தானே என்று தடுப்புகள் யாவும் தாமே திறந்துவிடுகின்றன.

ஆகவே சந்திக்கும் முன்பே சொல்லுங்கள். நடந்து முடிந்த பிறகு சொல்வது ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். முன்பே சொல்வதுதான் பகிர்ந்துகொள்வது. நீளமாக விளக்க வேண்டியதில்லை. “கல்லூரிக் காலத்தில் எனக்கு நெருக்கமாக இருந்தவர் தொடர்புகொண்டிருக்கிறார். அவரை ஒருமுறை சந்தித்துப் பேச எனக்கு ஆசை இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய நான் விரும்பவில்லை. இதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு மெய்யாகவே காத்திருங்கள். துணைக்கு வருத்தம் வந்தால், அதைச் சந்தேகப் புத்தி என்று ஒதுக்காதீர்கள். உங்கள் வாழ்வில் தாம் இல்லாத ஒரு பகுதி இவ்வளவு ஒளியோடு திரும்பி வருவதைப் பார்ப்பவருக்கு அச்சம் வருவது நியாயமே. துணையும் உடன் வரலாம், குடும்பமாகச் சந்திக்கலாம், தொலைபேசியோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த ஏற்பாட்டுக்கும் துணை மனம் ஒப்பவில்லை என்றால், அந்தச் சந்திப்பு எதற்கு ஈடாகக் கிடைக்கப்போகிறது என்று நீங்கள்தான் எடைபோட வேண்டும். என்னைக் கேட்டால், உடன் வாழ்பவரின் நிம்மதியை விலையாகக் கொடுத்து வாங்கத் தக்க சந்திப்பு எதுவும் இல்லை என்பேன்.

சொல்லாமலே தொடர்பு தொடங்கிவிட்டது என்றால் ஓர் அளவுகோல் உண்டு. உரையாடலை அழிக்கத் தொடங்கியிருக்கிறீர்களா, கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறீர்களா, அவருடைய பெயரை வேறு பெயரில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும், வெறும் நட்பு என்று நீங்கள் சொல்லிக்கொள்ளும் எல்லை ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கிறது. அந்த இடத்திலிருந்து திரும்ப வழி உண்டு. தொடர்பை நிறுத்திவிட்டு, துணையிடம் உள்ளதைச் சொல்வதே அந்த வழி.

சந்திப்பு நாளில்

பகல் நேரத்தில், பொது இடத்தில், முடியும் நேரத்தை முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டு சந்தியுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். நீங்கள் இருவரும் முன்பு சந்தித்துவந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த இடம் உங்களுக்காகப் பேசத் தொடங்கிவிடும், உங்கள் எதிரில் இருப்பவரைப் பார்க்க விடாது. மதுவும் வேண்டாம்.

முதல் பத்து நிமிடங்கள் விசித்திரமாக இருக்கும் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள். முகம் முதிர்ந்திருக்கும், குரல் அப்படியே இருக்கும். அந்தக் குரல் கேட்டதும் இடையில் போன ஆண்டுகளெல்லாம் மறைந்துவிட்டதாகத் தோன்றும். விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் இருக்கிறது என்று இருவருமே சொல்லக்கூடும். அது இனிய உணர்வு, ஆனால் தகவல் என்ற வகையில் தவறானது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்டபோது, எல்லா வயதினரும் கடந்த பத்தாண்டுகளில் தாங்கள் மிகவும் மாறிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள், ஆனால் வரும் பத்தாண்டுகளில் அவ்வளவு மாற மாட்டோம் என்று எண்ணினார்கள். மனிதர் தம் மாற்றத்தையே இப்படிக் குறைத்து மதிப்பிடுகிறார் என்றால், கண்ணால் காணாத காலத்தில் இன்னொருவருக்கு நேர்ந்த மாற்றத்தை எவ்வளவு குறைத்து மதிப்பிடுவார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எனவே தெரிந்தவரிடம் பேசுவதுபோல் பேசாமல், தெரிந்துகொள்ள வந்தவராகக் கேளுங்கள். எந்த வேலை, எத்தனை பிள்ளைகள் என்பதோடு நிறுத்தாமல், இந்த ஆண்டுகளில் அவரை மிகவும் மாற்றியது எது, எதைப் பற்றி அவர் இப்போது வேறுவிதமாக நினைக்கிறார் என்று கேளுங்கள். அவர் உங்களிடம் ஏதேனும் கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

பிரிவைப் பற்றிய பேச்சு வரும். அப்போது அவர் சொல்லும் கதையும் உங்கள் கதையும் ஒத்துப்போகாது. நீங்கள் கைவிடப்பட்டதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அவரோ நீங்கள்தான் விலகிப் போனீர்கள் என்று இத்தனை காலமும் நம்பியிருக்கலாம். யாருடைய கதை உண்மை என்று வழக்காடாதீர்கள். “நான் அறிந்திருந்தது வேறு. நீங்கள் சொல்வது எனக்குப் புதிதாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மேலும் கேளுங்கள். இந்தச் சந்திப்பிலிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள பொருள் ஒருவேளை இதுவாகவே இருக்கும். நீங்கள் இல்லாத பக்கத்திலிருந்து உங்கள் கதையைக் கேட்கும் வாய்ப்பு வாழ்வில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், செய்ததைப் பெயரிட்டுக் கேளுங்கள். “எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடுங்கள்” என்பதில் எதுவும் இல்லை. “உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். காரணம் சொல்லாமல் விலகினேன். அது உங்களை எவ்வளவு குழப்பியிருக்கும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை” என்பதில் இருக்கிறது. அதன்பின் வாய்மூடி இருங்கள். அவர் மன்னித்தாக வேண்டும் என்றில்லை. உங்கள் மனப்பாரத்தை இறக்கி அவர் மடியில் வைத்துவிட்டு வருவதற்குப் பெயர் மன்னிப்புக் கேட்பது அன்று.

அன்று மட்டும் நாம் சேர்ந்திருந்தால் என்ற பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் தொடங்கினால் மென்மையாக வேறு பக்கம் திருப்புங்கள். அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஆனால் அது இருவர் அமர்ந்து கனவு காணும் மேசையாக இருக்கக் கூடாது. அது நீங்கள் தனியாக, தாளோடு அமரும் இடமாக இருக்க வேண்டும்.

அன்றைய முடிவை எடைபோடுதல்

உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990களின் நடுவில் வெளியிட்ட ஆய்வுகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. அண்மைக் காலத்தைப் பற்றி வருந்தும்போது மனிதர்கள் செய்துவிட்ட செயல்களுக்காக அதிகம் வருந்துகிறார்கள். வாழ்க்கையை நெடுந்தொலைவு திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டவற்றுக்காக அதிகம் வருந்துகிறார்கள். காரணத்தை யோசித்துப் பார்த்தால் விளங்கும். செய்த தவற்றின் விளைவு கண்முன் நிற்கிறது. அதைத் திருத்தலாம், அதிலிருந்து ஏதோ கற்றோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். செய்யாமல் விட்டதற்கு விளைவு என்று ஒன்று இல்லவே இல்லை. அதனால் கற்பனை அதை விரும்பியபடி நீட்டிக்கொண்டே போகிறது. வாழாத வாழ்க்கையில் கடன் இல்லை, நோய் இல்லை, கைக்குழந்தை அழுத இரவுகள் இல்லை, சலிப்பு இல்லை. வாழ்ந்த வாழ்க்கையை அதன் எல்லா அழுக்குகளோடும் ஒரு தட்டில் வைத்து, வாழாத வாழ்க்கையின் மிகச் சிறந்த ஒரே ஒரு மாலையை மறுதட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தராசைச் சரிசெய்ய எழுத வேண்டும். மனத்துக்குள் யோசிப்பது போதாது, ஏனெனில் மனம் ஒரே வட்டத்தில் சுற்றும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள்கள் தொடர்ந்து எழுதினார்கள். அதே அளவை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் மனம் சற்றுக் கனக்கும்; அது எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் நாள்கள் கடந்தும் கனம் குறையாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போனால் எழுதுவதை நிறுத்திவிட்டு மனநல ஆலோசகரை நாடுங்கள்.

முதல் நாள், முடிவெடுத்த அந்த மாதத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள். அன்று உங்கள் வயது என்ன, கையில் எவ்வளவு பணம் இருந்தது, யார் உங்களை நம்பியிருந்தார்கள், யாருக்கு அஞ்சினீர்கள், என்னென்ன வழிகள் உண்மையில் திறந்திருந்தன, எவையெல்லாம் அன்று உங்களுக்குத் தெரியாது என்று எழுதுங்கள். பின்னாளில் தெரிய வந்ததை இந்தப் பக்கத்தில் எழுதக் கூடாது. இருபத்தொரு வயதில் முடிவெடுத்தவரை ஐம்பது வயதின் அறிவைக் கொண்டு விசாரிப்பது நியாயமான விசாரணை ஆகாது. இரண்டாம் நாள், வாழாத வாழ்க்கையில் ஒரு சாதாரணப் புதன்கிழமையை எழுதுங்கள். திருமண நாளையோ பயணத்தையோ எழுத வேண்டாம். காலையில் யார் முதலில் எழுகிறார், பணத்தை யார் கணக்குப் பார்க்கிறார், அவருடைய பெற்றோருக்கு உடல்நலம் குன்றியபோது யார் கவனிக்கிறார், இருவரும் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்று எழுதுங்கள். அன்று அவரிடம் உங்களை எரிச்சலூட்டிய குணம் இருபத்தைந்து ஆண்டுகளில் எப்படி வளர்ந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் நாள், நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் அந்த முடிவு இல்லாவிட்டால் இருந்திருக்கவே முடியாதவை எவை என்று எழுதுங்கள். மனிதர்கள், திறமைகள், நட்புகள், இடங்கள் எல்லாமே இதில் சேரும். பிள்ளைகள் உள்ளவர்கள் இங்கே பெரும்பாலும் நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள்.

நான்காம் நாள், அந்த முடிவு எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒரு தீர்ப்பு எழுதுங்கள். அன்று தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் முடிவு சரியானதாகவே இருந்து, பின்னால் நடந்தவை மட்டும் மோசமாகப் போயிருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு நேர்ந்தது இழப்பு. அதற்காக வருந்தலாம், ஆனால் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளக் காரணமில்லை. முடிவு உங்களுடையதாகவே இல்லாமல், வீட்டார் கட்டாயப்படுத்தியதாக இருக்கலாம். அப்படியானால் கோபம் சரியான திசையில் போகட்டும். அது உங்கள் மீதோ, அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாமல் உங்களை மணந்துகொண்ட துணையின் மீதோ விழக் கூடாது. மூன்றாவது வகைதான் கடினமானது. முடிவு உங்களுடையது, வழி திறந்திருந்தது, அச்சத்தால் மட்டுமே பின்வாங்கினீர்கள். இதை நியாயப்படுத்தப் பார்க்காதீர்கள். “நான் அஞ்சினேன்” என்று எழுதிவிட்டு, அதே அச்சம் இன்று உங்கள் வாழ்வில் வேறு எங்கெல்லாம் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். வேலையில், நட்பில், பிள்ளைகளிடம் உண்மையைப் பேசுவதில் என அது நிச்சயம் எங்கேனும் இருக்கும். பழைய முடிவைத் திருத்த முடியாது. ஆனால் அதை எடுக்க வைத்த பழக்கத்தை இந்த வாரமே எதிர்கொள்ளலாம்.

தீர்ப்போடு சேர்த்து இன்னொன்றையும் எழுதுங்கள். அவரோடு இருந்தபோது நான் எப்படிப்பட்டவராக இருந்தேன்? பாடியவராக, வரைந்தவராக, அரசியல் பேசியவராக, ஊர் சுற்ற ஆசைப்பட்டவராக, யாரிடமும் கூசாமல் சிரித்தவராக இருந்திருப்பீர்கள். பலர் ஏங்குவது அந்தத் தம்மைத்தான் என்பதைத் தாளில் பார்த்த பிறகே உணர்கிறார்கள். பாட்டை மீண்டும் தொடங்குவதற்குப் பழைய காதலர் தேவையில்லை. வயதானவர்கள் கடந்த காலத்தை அசைபோடுவதை முதுமையின் குறைபாடு என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், வாழ்வை இப்படித் திரும்பப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்வது இயல்பானதும் பயனுள்ளதுமான ஒரு செயல் என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். அது வருத்தத்தில் போய் முடியவும் கூடும், தெளிவில் போய் முடியவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. திரும்பிப் பார்த்ததிலிருந்து இன்று செய்யக்கூடிய ஒரு செயலாவது பிறந்தால், தெளிவின் பக்கம் சாய்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று நான் நம்புகிறேன்.

பின்வரும் மாதங்கள்

சந்திப்புக்குப் பின் சில வாரங்கள் மனம் கொந்தளிக்கும். அந்தக் காலத்தில் மணமுறிவு, வேலை மாற்றம், வீட்டை விற்பது, பணம் கொடுப்பது எதையும் தீர்மானிக்க வேண்டாம். மணவாழ்வில் குறை இருக்கிறது என்று இந்தச் சந்திப்பு உங்களுக்குக் காட்டியிருந்தால், அந்தக் குறையைத் துணையிடமே எடுத்துச் செல்லுங்கள். தேவையானால் இருவரும் ஆலோசகரிடம் செல்லுங்கள். அந்த மணவாழ்வு முடிய வேண்டியதாக இருந்தால், பழைய காதலர் என்று ஒருவர் உலகில் இல்லாவிட்டாலும் முடிய வேண்டியதாக இருக்க வேண்டும். அப்படியா என்று விடை காண மாதங்கள் ஆகலாம். அதுவரை பழைய காதலரோடு பேச்சை நிறுத்தி வைப்பதுதான் மூவருக்கும் நேர்மையானது.

நீங்கள் ஒதுங்க முடிவுசெய்தால் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். பதில்களை மெல்ல மெல்லக் குறைத்துக் காணாமல் போவது, முதல் பிரிவை அவருக்கு இன்னொரு முறை நிகழ்த்திக் காட்டுவதாகும்.

இருவரும் தனித்து வாழ்பவர்களாக இருந்தால்

துணையை இழந்தோ பிரிந்தோ இருவரும் தனியாக இருந்தால் வழி திறந்தே இருக்கிறது. அதில் தயங்க வேண்டியதில்லை, ஆனால் மெதுவாக நடக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவர்தானே என்று அறிமுகக் காலத்தைத் தாண்டிச் செல்லாதீர்கள். உடல்நலம், கடன், சேமிப்பு, பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு, எங்கே வாழ்வது என்பவற்றைப் புதிதாகச் சந்தித்த இருவர் பேசுவதுபோல் வெளிப்படையாகப் பேசுங்கள். சொத்து, உயில், காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையெல்லாம் சேர்ந்து வாழத் தொடங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் பிள்ளைகளுக்குள் எழக்கூடிய பல சண்டைகளை அது தடுக்கும். மறைந்த துணையின் நினைவுக்கு வீட்டில் இடம் இருக்கட்டும். முதல் காதல் திரும்பி வந்துவிட்டதால் நடுவில் இருந்த மணவாழ்வு இடைவேளையாகிவிட்டது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்தால், அவர்கள் மனம் உடையும். வளர்ந்த பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் மற்றவர் வாயிலாகத் தெரிய வரும் முன் நீங்களே சொல்ல வேண்டும். அவர்களுடைய முதல் எதிர்வினையை இறுதி விடையாகக் கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று உங்களைப் பிரித்த காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். தொலைவோ, படிப்போ, வயதோ காரணமாக இருந்தால் அது போய்விட்டிருக்கும். ஒருவரின் குணம் காரணமாக இருந்தால் அப்படி எளிதில் போயிருக்காது. வீட்டாரின் முன்னால் உங்களுக்காக நிற்க முடியாமல் போனவர், இன்று தம் பிள்ளைகளிடம் உங்களை யார் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவர் என்று சொல்லி அவசரமாகப் பேச்சை மாற்றுகிறாரா, இவரோடு வாழ விரும்புகிறேன் என்று உங்களை அருகில் வைத்துக்கொண்டு சொல்கிறாரா என்பதைப் பார்த்த பிறகு, சேர்ந்து வாழ்வதற்கான நாளைக் குறியுங்கள்.